மடிப்பக்கா செத்துப்போன கதை

மடிப்பக்கா செத்துப்போன சேதி முதலில் மடிப்பக்காவுக்குத்தான் கிடைத்தது. அதுவும் அவள் கையாலேயே மடித்துக்கொண்டிருந்த தாளில்.

அச்சகத்துக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை ஒன்று உண்டு. பைண்டிங் வேலையெல்லாம் அங்கேதான். முன்கட்டில் மெஷின் ஓட ஓட, அச்சடித்த தாள் கட்டுக்கட்டாகப் பின்கட்டில் வந்து இறங்கும். ஒரு பெரிய தாளில் முன்னும் பின்னுமாகப் பதினாறு பக்கம். அதற்குப் பாரம் என்று பேர். பேர்தான் பாரம், ஒற்றைத் தாளைத் தூக்கிப் பார்த்தால் காற்றுக்குப் பறக்கும். காலையிலிருந்து சாயங்காலம் வரை அதையே மடித்துக்கொண்டிருந்தால் அது பாரமா இல்லையா என்று தோள்பட்டை சொல்லும். பக்கங்கள் தாளில் வரிசையாக இருக்காது. பாதி நேராக நிற்கும், பாதி தலைகீழாகத் தொங்கும். ஒன்றாம் பக்கத்துக்கு அடுத்த வீட்டில் பதினாறு குடியிருக்கும். மூன்று மடிப்பு சரியாக விழுந்தால்தான் ஒன்றுக்குப் பின்னால் இரண்டு வரும். அந்த மூன்று மடிப்பை மயிரிழை பிசகாமல் போடுகிறவள் என்பதால் அவளுக்கு மடிப்பக்கா என்று பேர் நிலைத்துவிட்டது. அவளைவிட மூத்த முதலாளியும் அப்படித்தான் கூப்பிடுவார்.

இத்தனை வருஷத்தில் அவள் மடிக்காத புத்தகம் இல்லை. சமையல் புத்தகம், சட்டப் புத்தகம், மூட்டுவலி வைத்தியம், கோழி வளர்ப்பு எல்லாம் அவள் விரலுக்கு அடியில் போயிருக்கின்றன. ஒன்றையும் படித்ததில்லை. படிக்கத் தெரியாமல் இல்லை. மடிக்கிறவள் படிக்க ஆரம்பித்தால் வேலை உருப்பட்ட மாதிரிதான். அவள் கண் பக்க எண்ணை மட்டும் பார்க்கும். எண்மேல் எண் உட்கார்ந்ததும் கொம்புத் துண்டால் ஓரத்தில் ஒரு தேய்ப்பு. அடுத்த தாள்.

அன்றைக்கு விடிந்ததிலிருந்தே தூறல். தாளெல்லாம் நமுத்துக் கிடந்தது. நமுத்த தாள் மடிப்புக்கு மசியாது. மடித்து வைத்தாலும் மெல்ல வாயைத் திறக்கும். "ஏன், உனக்கு என்ன கேடு? அடங்கிக் கிடக்க மாட்டியா?" என்று தாளையே திட்டிக்கொண்டு வேலை பார்த்தாள். அவசர வேலை. அவள் மகள் படிக்கிற பள்ளிக்கூடத்து இலக்கிய மலர். வெள்ளிக்கிழமை விழா. மகளுடைய பள்ளிக்கூடத்து மலர் தன் கையால் புத்தகமாவதில் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது. ஆனால் மகள் அதில் எழுதியிருக்கிறாள் என்பது தெரியாது. அவள் எதையும் வாய்விட்டுச் சொல்கிற பெண் இல்லை. காலில் முள் குத்தினால்கூட நொண்டுவதைப் பார்த்து நாமாகக் கண்டுபிடிக்க வேண்டும்.

தாளின் வலது மூலையில் நேராக நின்ற ஒரு பக்கத்தில் எண் பார்க்கக் குனிந்தவளுக்கு மகளின் பெயர் கண்ணில் பட்டது. பெயருக்குக் கீழே ஒன்பதாம் வகுப்பு, ஆ பிரிவு. கொம்புத் துண்டு கையிலிருந்து நழுவி மேசைக்கு அடியில் உருண்டது. அதை எடுக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"ஏய் கோந்து! இங்க ஓடி வாயேன். எம்பொண்ணு பேரு போட்டிருக்குடி!"

புத்தக முதுகுக்குப் பசை பூசுகிறவளுக்கு அங்கே கோந்து என்று பேர். பசை பூசுவதால் மட்டும் வந்த பேர் இல்லை. ஒரு பேச்சு கையில் சிக்கினால் அது அவளை விட்டுப் போகாது. ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தாள். கட்டிங் மெஷின்காரரும் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"எங்க, எங்க... அடியாத்தி, ஒரு பக்கம் பூராவும் எழுதித் தள்ளியிருக்கா! வாயத் திறந்தா முத்து உதிர்ந்துரும்னு இருக்கிற புள்ளையா இது?"

"சத்தமாப் படிடி. எல்லாரும் கேக்கட்டும்."

கோந்து தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். "'அம்மா இல்லாத வீடு.'" நிறுத்தி, மடிப்பக்காவைப் பார்த்தாள். "நீ வேலைக்கு வந்த பிறகு வீடு எப்படி இருக்கும்னு எழுதியிருப்பா போல."

"இருக்கும், இருக்கும். படி."

"'எங்கள் அம்மா போன மழைக்காலத்தில் இறந்துபோனாள். அன்று சாயங்காலம் வரை மழை விடவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் அப்பா வேனை நிறுத்தினார். வைப்பரை நிறுத்த மறந்துவிட்டார். அது பாட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கொண்டே இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்...'"

சரிவில் இறங்கின வண்டி மாதிரி கோந்துவால் நிறுத்த முடியவில்லை. குரல் மட்டும் தேய்ந்துகொண்டே போனது.

"'அம்மா இருந்தபோது வீட்டில் எப்போதும் ஒரு சத்தம் இருக்கும். அது பாத்திரச் சத்தமா, திட்டுகிற சத்தமா என்று பிரிக்க முடியாது. அம்மா அடுப்பைத் திட்டுவாள். குழாயைத் திட்டுவாள். கதவைத் திட்டுவாள். கடைசியில் என்னிடம் வருவாள். இப்போது எங்கள் வீட்டில் சத்தம் இல்லை. அப்பா பேசுகிறார்.'"

பக்கம் அதோடு முடிந்தது. மீதி தாளின் பின்புறம் இருந்தது. கோந்து தாளைத் திருப்பப் போனாள். மடிப்பக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்."

உயிரோடு நிற்கிற மனுஷியை நான்கு பேர் செத்தவளைப் பார்க்கிற மாதிரி பார்த்தால் எப்படி இருக்கும்? மடிப்பக்காவுக்குத் தன் கையைத் தானே கிள்ளிப் பார்க்க வேண்டும்போல இருந்தது.

"அக்கா," என்றாள் கோந்து, "செத்துட்டதா சேதி வந்தா ஆயுசு கெட்டினு சொல்லுவாங்க."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. கட்டிங் மெஷின்காரர் தன் பங்குக்கு ஆறுதல் சொன்னார். "இது வேற புள்ளையா இருக்கும்மா. ஒரே பேர்ல ரெண்டு பேர் இருக்க மாட்டாங்களா என்ன?"

"அடுப்பத் திட்டுறது நான்தான்ணே," என்றாள் மடிப்பக்கா.

செத்ததாக எழுதியதுகூட அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. சின்னப் பிள்ளை, கிறுக்குத்தனமாக எதையோ எழுதிவிட்டது என்று தள்ளிவிடலாம். அந்தக் கடைசி இரண்டு வார்த்தைதான் நெஞ்சில் போய்க் குத்திக்கொண்டு நின்றது. அப்பா பேசுகிறார். அப்படியானால் அவள் செத்தால்தான் அந்த வீட்டில் இன்னொரு வாய் திறக்குமா? பத்து மாதம் சுமந்து பெற்ற மகள் மனதில் இதையா இத்தனை நாள் வைத்துக்கொண்டு, அவள் போட்டதைச் சாப்பிட்டுவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனாள்?

அந்தத் தாளைப் பழக்கதோஷத்தில் மூன்று மடிப்பாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு முதலாளியிடம் போய் நின்றாள். அதற்குள் கோந்து வழியாக அவருக்கும் சேதி ஒட்டியிருந்தது. "போயிட்டு வாம்மா," என்றார், அவள் கேட்பதற்கு முன்பே.

பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாட்டு நேரம். ஆசிரியர்கள் அறையில் இரும்பு அலமாரிகளுக்கு நடுவே ஒரு நீள மேசை. மேசைக் கோடியில் தனியாக உட்கார்ந்து, சாப்பாட்டு டப்பாவை ஒரு கையால் திறந்துகொண்டே இன்னொரு கையால் எதையோ திருத்திக்கொண்டிருந்தவரைக் காட்டி, "அவங்கதான் மலர் டீச்சர்," என்றார் பியூன். மலரை வருஷாவருஷம் தலையில் கட்டிக்கொண்டு அலைவதால் பிள்ளைகள் வைத்த பேர். சின்ன வயசுதான். கண்ணாடி மூக்கு நுனியில் நின்றது.

"வாங்க, உக்காருங்க. யாரோட வீட்லருந்து வர்றீங்க?"

மடிப்பக்கா மகளின் பெயரைச் சொன்னாள். டீச்சர் முகம் உடனே இளகியது. எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க வந்தது ரொம்ப சந்தோஷம். நீங்க அவளுக்குச் சித்தி முறையா?"

"அவளுக்குச் சித்தியே கிடையாது டீச்சர். நான் அவ அம்மா."

"அம்மான்னா... இப்ப வந்திருக்கிற..."

"பெத்தவ. செத்துட்டேன்னு நீங்க அச்சடிச்சிருக்கீங்களே, அவ."

டீச்சர் பிடித்த கையை விட்டார். விட்டதும், அது உண்மையில் கைதானா என்று பார்க்கிறவர்போல மறுபடி தொட்டார். பிறகு நாற்காலி எங்கே இருக்கிறது என்று தடவிப் பார்த்து உட்கார்ந்தார். டப்பா கவிழ்ந்து ரொட்டித்துண்டு திருத்தின தாளின்மேல் விழுந்தது.

"அய்யோ," என்றார். "நாங்க எல்லாரும் எழுந்து நின்னோமே."

"எதுக்கு?"

"உங்களுக்காக. வகுப்புல ஒரு நிமிஷம். நான்தான் நிக்கச் சொன்னேன்."

"இனிமே உக்காரச் சொல்லிருங்க," என்றாள் மடிப்பக்கா.

டீச்சருக்கு அழுகையும் விளக்கமும் ஒன்றாகப் பொத்துக்கொண்டு வந்தன. "நான் என்னம்மா பண்ணுவேன்? ரெண்டு மாசமா கெஞ்சினேன். எழுதுங்கப்பா, எழுதுங்கப்பான்னு வகுப்பு வகுப்பா ஏறி இறங்கினேன். வராந்தாவுல பெட்டி வெச்சேன். திறந்து பாத்தா மிட்டாய்த் தாளு. அப்புறம் வந்ததெல்லாம் என்ன தெரியுமா? தண்ணியைச் சேமிப்போம், மரம் நடுவோம். போன வருஷ மலர்லருந்து அப்படியே காப்பி. ஒருத்தன் பொதுஅறிவுக் கேள்வி எழுதிட்டு பதிலை எழுத மறந்துட்டான். எனக்கு வெறுத்துப்போச்சு. ஒருநாள் ஒன்பதாம் வகுப்புல போய் நின்னு சொன்னேன், உங்களுக்குத் தெரியாததை எழுதாதீங்க, உங்க வீட்ல நடக்கிறதை எழுதுங்க, படிக்கிறவங்களுக்கு நெஞ்சு பதறணும், அந்த மாதிரி ஒண்ணே ஒண்ணு யாராவது எழுதுங்கன்னு. அப்புறம்தான் இவ கொண்டுவந்து கொடுத்தா. இதே இடத்துல நின்னு படிச்சேன். அழுகைய அடக்க முடியலை."

"அவ சொன்னாளா, நான் செத்துட்டேன்னு?"

டீச்சர் யோசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"சொல்லலை," என்றார் மெதுவாக. "நான் கேக்கவும் இல்லை. நான் அழுதேன். அவ என்னையே பாத்துட்டு நின்னா. நான் அவளைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டேன். அதுக்கு மேல அந்தக் குழந்தை எப்படிம்மா சொல்லும்?"

கூடத்தில் மணி அடித்தது. பிள்ளைகள் கூச்சலோடு வகுப்புக்கு ஓடின. டீச்சர் எழுந்து, "அவளைக் கூப்பிடட்டுமா?" என்றார்.

"வேணாம். இங்க வெச்சு எதுவும் கேக்காதீங்க. வீட்டுக்கு வருவால்ல, கேட்டுக்கிறேன்."

"அப்ப மலரு? தலைமையாசிரியைக்குத் தெரிஞ்சா என் தோல உரிச்சிருவாங்க. அந்தப் பக்கத்த மட்டும் எடுத்துற முடியாதா?"

"ஒரு தாளைக் கிழிச்சா அதுக்கு ஜோடித் தாள் அந்தப் பக்கம் கழண்டு விழுந்துரும் டீச்சர். அதுல யாரோ ஒரு சின்னப் புள்ள பட்டாம்பூச்சியப் பத்தி எழுதியிருக்கு. காலையில அச்சகத்துக்கு வாங்க, சொல்றேன்."

அவர்கள் வீடு மாடியில் இரண்டு அறை. கணவர் கடைகளுக்குச் சரக்கு இறக்கும் வேன் ஓட்டுகிறவர். நாள் முழுக்க ஹாரன் சத்தத்தில் இருந்துவிட்டு வருவதாலோ என்னவோ, வீட்டில் 'ம்' என்பதற்கு மேல் செலவழிக்க மாட்டார். அன்றைக்கு மழையானதால் சீக்கிரமே வந்திருந்தார். அவரும் மகளும் மேசையில் உட்கார்ந்து அவித்த முட்டையை உரித்துக்கொண்டிருந்தார்கள். மடிப்பக்கா உள்ளே வந்தாள். மழைக்கு ஊதிப்போயிருந்த கதவு எப்போதும்போல முக்கால்வாசியில் இறுகி நின்றது. அவள் அதை ஒரு வார்த்தை சொல்லவில்லை. தோளால் தள்ளிச் சாத்திவிட்டு வந்தாள். அப்பாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் திட்டாமல் வந்தால் ஏதோ பெரிதாக வந்திருக்கிறது என்று அர்த்தம்.

பையிலிருந்து தாளை எடுத்து, முட்டை ஓடுகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு, மேசையில் விரித்தாள். பதினாறு பக்கத் தாள் மேசையை மூடி இரண்டு பக்கமும் தொங்கியது.

"எதுக்கு இவ்வளவு பெரிய பேப்பர்?" என்றார் கணவர்.

"அந்த மூலையில படிங்க."

மகள் உரித்த முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். கணவர் உதட்டை அசைத்து அசைத்துப் படித்தார். முதல் வரியில் நெற்றி சுருங்கியது. மூன்றாவது, நான்காவது வரிக்கு வந்ததும் அவர் உதடு நின்றுவிட்டது. மடிப்பக்கா அவர் தன்னைப் பார்ப்பார் என்று காத்திருந்தாள். அவர் மகளைப் பார்த்தார்.

"அதை நீ பாத்தியா?" என்றார்.

மகள் தலையை ஆட்டினாள். "பக்கத்துலதானே நின்னேன்."

"எதை?" என்றாள் மடிப்பக்கா. "எதைப் பாத்தா?"

மகள் அப்பாவைப் பார்த்தாள்.

"கேக்கிறேன்ல. எதைப் பாத்தா? வைப்பரா? எந்த ஆஸ்பத்திரி, எந்த வாசல்? எனக்குக் கட்டி எடுத்தப்பவா? நான் கண்ணு முழிக்கும்போது ரெண்டு பேரும் பக்கத்துல நின்னு சிரிச்சுக்கிட்டுல்ல இருந்தீங்க. சின்ன கட்டி, எடுத்தாச்சு, அவ்வளவுதான்னு நீங்கதானே சொன்னீங்க?"

கணவர் முட்டை ஓட்டுத் தூளை விரலால் ஒரு இடத்தில் கூட்டிச் சேர்த்தார். பிறகு அதையே கலைத்தார். அவர் பேச ஆரம்பித்தபோது, யாரோ வேறு ஆள் பேசுகிறாரோ என்று அவளுக்குத் தோன்றியது. அத்தனை நீளமாக அவர் பேசி அவள் கேட்டதே இல்லை.

"சின்ன கட்டி இல்லை. எடுத்த பிறகு ரத்தம் நிக்கலை. மறுபடி உள்ள கொண்டுபோனாங்க. டாக்டர் என்னைக் கூப்பிட்டாரு. எங்களால ஆனதையெல்லாம் பாத்துட்டோம், வீட்ல யாராவது இருந்தா கூட்டிட்டு வந்து காட்டிருங்கன்னாரு. குட்டிய கூட்டிட்டு வர வந்தேன். வழியெல்லாம் மழை. எப்படி ஓட்டினேன்னு தெரியலை. திரும்பி வாசல்ல கொண்டுபோய் நிறுத்தினேன். அவ இறங்கிட்டா. எனக்கு இறங்க முடியலை. கால் வரலை. உள்ள போனா நீ இருக்க மாட்டேன்னு உக்காந்துட்டேன். சாயங்காலம் நர்சு குடை பிடிச்சிக்கிட்டு ஓடி வந்து கண்ணாடியத் தட்டுறா. நின்னுருச்சு, நின்னுருச்சுங்கிறா. நான் மழையச் சொல்றாளாக்கும்னு நினைச்சேன்."

மடிப்பக்காவின் கை தானாக வயிற்றுத் தழும்புக்குப் போனது. மழை பெய்யும் நாளில் அது இழுத்துப் பிடிக்கும். சனியன் பிடிச்ச தையல் என்று அதையும் திட்டியிருக்கிறாள். ஒரு சாயங்காலம் முழுக்கத் தான் செத்துக் கிடந்திருக்கிறோம், தனக்கு மட்டும் தெரியவில்லை என்பது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. காலையில் தாளில் பார்த்தது ஒரு அடி என்றால், இது அதற்கு அப்பன்.

"ஒரு வார்த்தை... ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லணும்னு தோணலையா?"

"என்னன்னு சொல்றது? நீ வந்த அன்னைக்கே குழாயத் திட்டிக்கிட்டு உள்ள போன. சரி, எல்லாம் பழையபடி ஆயிருச்சுன்னு விட்டுட்டேன்."

"ஏன் குட்டி, நீ?"

"அப்பா சொல்லக் கூடாதுன்னாரு." மகள் முட்டையைத் தட்டில் வைத்தாள். "நான் சொல்லலை. எழுதத்தான் செஞ்சேன்."

"செத்துட்டேன்னு எழுதச் சொல்லி டீச்சர் சொன்னாங்களா?"

"இல்லை. முதல்ல நீ தாள் மடிக்கிறதத்தான் எழுதிக் கொடுத்தேன். மூணு மடிப்பு, நீ தாளோட பேசுறது, அதெல்லாம். நல்லா இருக்கு, ஆனா ஒண்ணுமே நடக்கலையேன்னு திருப்பிக் கொடுத்துட்டாங்க. யாராவது செத்தாத்தான் நடந்த மாதிரி போலன்னு நினைச்சேன்."

"ஏன்டி, சாகடிக்க நான்தான் கிடைச்சேனா? இதோ இவர் இல்ல?"

"அப்பாவைத்தான் முதல்ல சாகடிச்சுப் பாத்தேன்."

வாய்க்குக் கொண்டுபோன முட்டை கணவர் கையிலேயே நின்றது.

"ரெண்டு வரிக்கு மேல போகலை," என்றாள் மகள். "உன்னைச் சாகடிச்சதும் கை நிக்கவே இல்லை. மூணு பேப்பர் வாங்கிட்டு வந்தேன், பத்தலை."

மடிப்பக்காவுக்குக் கோபப்படவும் தெரியவில்லை, சிரிக்கவும் தெரியவில்லை. காலையிலிருந்து கேட்க நினைத்ததைக் கேட்டுவிட்டாள்.

"நான் இல்லாட்டி வீடு நல்லா இருக்கும்னுதானே எழுதியிருக்க?"

மகள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். "பின்பக்கம் படிச்சியா?"

"இல்லை."

"படிச்சிட்டுத் திட்டு," என்று சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போய்விட்டாள்.

கணவர் மெல்லத் தாளின் ஓரத்தைத் தூக்கினார். "நான் பேசுறேன்னு போட்டிருக்காளே. நான் என்ன பேசுறேன்னு பாப்போமே."

"கைய எடுங்க," என்று தாளை இழுத்து மடித்துவிட்டாள் மடிப்பக்கா. ஒரே நாளில் அத்தனையும் தாங்க அவளுக்குத் தெம்பில்லை. செத்துப் பிழைத்தவளுக்கே பயம் வந்தால் அது சின்னப் பயமாக இருக்காது.

மறுநாள் காலையில் டீச்சர் குடையோடு கொட்டகை வாசலில் நின்றார். தூங்கவில்லை என்று முகம் சொன்னது. தாள் கட்டுகளுக்கு நடுவே எங்கே கால் வைப்பது என்று தெரியாமல் ஓரமாக வந்தார். கோந்து ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். பசையாக இருக்குமோ என்று டீச்சர் உட்காரவில்லை.

"என்னம்மா முடிவு பண்ணியிருக்கீங்க?"

"எடுக்க வேணாம் டீச்சர். தலைப்புக்கு மேல கதைன்னு ஒரு வார்த்தை போட்டாப் போதும்."

"கதையா?"

"நான் உயிரோட இருக்கேன்ல. அப்ப அது கதைதானே?"

டீச்சர் குடையைச் சுருட்டிக் கட்டினார். "வகுப்புல என்ன சொல்றது? எல்லாரும் எழுந்து நின்னாங்களே. நான் வேற அழுதேன்."

"கதைக்கு அழக் கூடாதா என்ன? அவ்வளவு நல்லா எழுதியிருக்கான்னு சொல்லுங்க. பொய் சொன்னான்னு ஒருத்தரும் அவள ஒரு வார்த்தை பேசிறக் கூடாது. அதுக்கு நீங்க பொறுப்பு."

"என் பொறுப்பு," என்றார் டீச்சர். பிறகு, கேட்கலாமா கூடாதா என்று தயங்கி, "அடுத்த மலருக்கும் அவளை எழுதச் சொல்லுங்கம்மா," என்றார்.

"முதல்ல ஒண்ணு கொண்டுவந்து கொடுத்தாளாமே, தாள் மடிக்கிறதப் பத்தி? ஒண்ணும் நடக்கலைன்னு திருப்பிட்டீங்களாம்."

டீச்சர் நினைவைத் துழாவினார். ஒன்றும் அகப்படவில்லை என்று முகத்தில் தெரிந்தது. மேசையில் கிடந்த பாரத்தையும், நேராகவும் தலைகீழாகவும் நின்ற பக்கங்களையும் பார்த்தார். "அதையும் கேட்டு வாங்கிக்கிறேன்," என்றார்.

அச்சடித்த தாளை மறுபடி மெஷினில் ஓட்ட முடியாது என்று முதலாளி கையை விரித்துவிட்டார். தெருமுனைக் கடையில் 'கதை' என்று ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து வாங்கினார்கள். ஆனால் மூன்று மடிப்பு விழுந்த தாளுக்குள் ஸ்டாம்ப் போகாது. முந்தின நாள் மடித்ததையெல்லாம் பிரிக்க வேண்டும், தட்டையாக விரிக்க வேண்டும், குத்த வேண்டும், காய வேண்டும், மறுபடி மடிக்க வேண்டும். கோந்து பிரித்துக் கொடுத்தாள். மடிப்பக்கா குத்தினாள். கட்டிங் மெஷின்காரர் வேலையில்லாமல் சும்மா நிற்கப் பிடிக்காமல், குத்தின தாளைக் கயிற்றுக் கொடியில் போட்டுக் காயவைத்தார். கொட்டகை முழுக்க மகளின் பக்கம் தொங்கியது. நேற்றைக்கே எல்லாரும் பின்பக்கத்தையும் படித்துவிட்டார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. ஒருத்தரும் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. கோந்துகூட வாயை மூடிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது மகா பெரிய விரதம்.

காய்ந்த தாளை மடிக்கத் திருப்பிப் போட்டபோது அந்தப் பக்கம் மேசைமேல் கிடந்தது. அவள் நின்ற இடத்திலிருந்து தலைகீழாகத் தெரிந்தது. கொம்புத் துண்டைக் கீழே வைத்தாள். பிறகு மேசையைச் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய், இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு படித்தாள்.

'அப்பா வேன் ஓட்டும்போது வழியில் பார்த்ததையெல்லாம் என்னிடம் சொல்கிறார். ஒரு நாய் சிவப்பு விளக்கு போட்டதும் நின்று, பச்சை வந்த பிறகு போனதாம். நான் சிரித்தேன். பேசிக்கொண்டே இருக்கும்போது நாங்கள் இரண்டு பேரும் சட்டென்று நிறுத்திவிடுகிறோம். யாராவது குறுக்கே திட்டுவார்கள் என்று காத்திருக்கிறோம். யாரும் திட்டுவதில்லை. அதற்குப் பிறகு எங்களுக்குப் பேச ஒன்றும் இருப்பதில்லை. கதவு மழைக்கு இறுகி நிற்கிறது. அதைத் திட்ட ஆள் இல்லை.

'அம்மா செத்ததற்கு நான் அழவில்லை. கல்நெஞ்சுக்காரி என்றார்கள். அம்மா எனக்குத் தலை பின்னினால் புருவம் மேலே ஏறிக்கொள்ளும். தாளை மடிக்கிற மாதிரிதான் என் தலையையும் மடிப்பாள். மழை விட்டுப் பள்ளிக்கூடம் திறந்த அன்று நானே பின்னிக்கொண்டேன். கொஞ்சமும் வலிக்கவில்லை. அப்போதுதான் அழுதேன்.'

அவ்வளவுதான். கீழே கொஞ்சம் வெற்றிடம். அதில் அச்சகத்துக்காரர்கள் ஒரு சின்னப் பூவை வைத்து நிரப்பியிருந்தார்கள்.

மடிப்பக்கா ஊன்றின கையை எடுக்கவில்லை. ஆபரேஷன் மேசையில் கிடந்த அந்தச் சாயங்காலம், வேன் கண்ணாடிக்கு வெளியே மழையில் நனைந்துகொண்டு நின்ற பெண்ணை அவள் இப்போதுதான் பார்த்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு, "நான் செத்தாக்கூட இவ கண்ணுல ஒரு சொட்டு வராது" என்று எத்தனை பேரிடம் சொல்லிக் காட்டியிருப்பாள்! கோந்துவிடமே சொல்லியிருக்கிறாள்.

கோந்துவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. விரதம் முறிந்தது.

"என்னக்கா? படிச்சிட்டியா? எப்படி எழுதியிருக்கா பாத்தியா?"

கட்டிங் மெஷின்காரர் கொடியில் போட்ட தாளை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார். மடிப்பக்கா புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். ஸ்டாம்ப் மை கன்னத்தில் நீளமாகத் தீற்றிக்கொண்டது.

"எனக்குத் தலை பின்னத் தெரியலையாம்," என்றாள். "ஊருக்கெல்லாம் அச்சடிச்சுச் சொல்லிட்டா, கழுதை."

பிறகு மேசையைச் சுற்றிக்கொண்டு தன் பக்கம் வந்து, அடுத்த தாளை இழுத்துப் போட்டு, தலைப்புக்கு மேலே 'கதை' என்று ஓங்கி ஒரு குத்துக் குத்தினாள்.